கொஞ்சுதல்: இல்லை

என் கையெழுத்து அழகாக இருக்கும். நான் செய்த தப்புக்கு மூலகாரணம் அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எழுதப் பழக்கியிருந்தார்கள். பிறகு சேலத்தில் பிரசவ நர்ஸ் பயிற்சி முடித்தேன். கொல்லிமலைக்கு மேலே ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் வேலைக்குப் போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. மருத்துவமனை என்றால் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு மேஜை, ஒரு கம்பவுண்டர், நான். டாக்டர் என்று ஒரு பதவி காகிதத்தில் மட்டும் இருந்தது. பஸ் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியோடு நின்றுவிடும். அதற்கு மேல் காலை நம்பித்தான் ஏற வேண்டும். மூன்று வருஷம் அப்படி ஏறி இறங்கியதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. ராசிபுரத்துக்கு மாற்றல்.

அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து ஆராய்ச்சி டாக்டர் வந்தார். நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோளில் சுமந்து அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். இறங்கியதும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, என்ன களைப்பு!" என்றார். சுமந்து வந்த நான்கு பேரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள்.

அவர் வந்தது ஒரு பெண் குழந்தையைப் பார்க்க. ஆறு வயசு. போன வருஷம் அம்மை குத்த வந்த ஓர் அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, மலையில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பாது, பேசாது, முகத்தைப் பார்க்காது, பலாக்கொட்டையை நாளெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறது என்று மதராஸில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது டாக்டர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். இதற்குப் பெயர் ஆட்டிசம் என்றார். நான் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

காரணமும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். காரணம் தாய். தாயின் மனசு குளிர்ந்துபோயிருந்தால் குழந்தை தனக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. சீமையில் பெரிய பெரிய ஆட்களே ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அங்கே படித்த தாய்மாரிடம்தான் இந்தக் குளிர்ச்சியைக் கண்டிருந்தார்களாம். எழுத்தறியாத ஒரு மலைத் தாயிடமும் அதைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் இவர் பெயர் நிற்கும். காரணத்தை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்குத் தோதான தாயைத் தேடி மலையேறிய மனிதர் அவர்.

எங்கள் கம்பவுண்டர் கஷாயம் கலக்குவதோடு நிற்காத ஆள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க சாமி, அந்தம்மாளுக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. அதுங்க பேச ஆரம்பிச்சா நம்ம காது வலிக்கும். ஒரே வவுத்துல பொறந்ததுல ரெண்டுக்கு மட்டும் பாசம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அது விதிவிலக்கு" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, மூளையில, ரத்தத்துல ஏதாச்சும் இருக்குமுங்களா? பொறக்கையிலேயே வந்ததா?"

டாக்டர் சிரித்தார். சிரித்தது என்னைப் பார்த்து. நீயாவது படித்தவள், இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்கிற மாதிரிச் சிரிப்பு. நானும் கூடச் சிரித்தேன். மூளை, ரத்தம், பிறவி என்று அன்று கம்பவுண்டர் கேட்டதைத்தான் உலகமெல்லாம் பிறகு ஆராய்ந்தது. தாய்மார் மேல் பழி போட்டது தப்பு என்றும் ஒப்புக்கொண்டது. பல வருஷம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் அதைப் படித்தபோது என் சிரிப்புத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தத் தாயை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கடைசிப் பிள்ளைக்குப் பிரசவம் பார்க்கப் போய், வலி எடுக்கக் காத்திருந்த மூன்று நாளும் அவள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அந்தப் பெண் குழந்தையை யாராவது மார்போடு அணைத்தால் தொண்டை கிழியக் கத்துவாள். அதனால் அம்மா அணைக்க மாட்டாள். பதிலுக்கு, காலையில் எழுந்ததும் குழந்தையைப் பாயில் உட்கார வைத்து, உள்ளங்கால் இரண்டையும் தன் உள்ளங்கையால் அழுத்துவாள். வலது காலில் மூன்று முறை, இடது காலில் மூன்று முறை. எண்ணிக்கை தப்பக் கூடாது. மூன்றாவது அழுத்தலில் குழந்தை ஒரு பெருமூச்சு விடுவாள், தோள் இறங்கும், அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பொழுது விடியும். கையைப் பிடித்தால் உதறிவிடுவாள் என்று, வெளியே போகும்போது அம்மா தன் முந்தானை நுனியில் ஒரு பலாக்கொட்டையை வைத்து முடிந்துகொள்வாள். குழந்தை அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். அம்மா முன்னே, குழந்தை பின்னே, திரும்பிப் பார்க்கிற வேலையே இல்லை. முடிச்சில் இழுப்பு இருந்தால் குழந்தை இருக்கிறாள்.

"கால அமுக்கோணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"புள்ளதானுங்க சொல்லுச்சு."

"அது பேசாதே?"

"பேசாதுங்க நர்சம்மா. சொல்லும்."

டாக்டர் சீமையில் எத்தனை வருஷம் படித்தாரோ தெரியாது. இந்த ஒரு வரிக்கு அவர் பக்கத்தில்கூட வரவில்லை.

சோதனை மூன்று நாள் நடந்தது. ஒரு தகரப்பெட்டி நிறைய மரக்கட்டைகள், ஒரு வெள்ளைக்காரப் பொம்மை, ஒரு விளையாட்டு டெலிபோன், கட்டுக்கட்டாக ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்கள். தாள்களை நிரப்ப ஆள் வேண்டுமே, நான்தான். முதல் நாள் முதல் தாளை முடித்ததும் டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சிஸ்டர், அச்சடிச்ச மாதிரி இருக்கு. நீங்க போய் இந்தக் காட்டுலயா இருக்கறது? மேலிடத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. எந்த ஊர் வேணும், சொல்லுங்க" என்றார். ராசிபுரம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டெலிபோனைக் குழந்தையின் முன்னால் வைத்தார். அந்த மலையில் டெலிபோனைக் கண்ணால் பார்த்தவர்கள் நானும் கம்பவுண்டரும்தான். அதில் பேசியவர் ஒருவரும் இல்லை. குழந்தை அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தாள். 'பொருளின் பயன் அறியவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மரக்கட்டைகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கினாள். அவர் வேண்டுமென்றே ஒன்றை இடம் மாற்றினார். குழந்தை கத்தினாள். 'மாற்றத்தைப் பொறுக்கவில்லை.' அதையும் எழுதினேன். அன்று மத்தியானம் கூட்டுகிறபோது அவருடைய பேனாவை நான் மேஜையின் அந்தக் கோடியில் எடுத்து வைத்துவிட்டேன். அவரும் கத்தினார். அதை எழுதச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் தாயைச் சோதிக்கிற நாள். அன்று வந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தைக்கு இருக்கிறதிலேயே கிழிந்த பாவாடை. தலை வாரவில்லை. கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கரி. தாயானவள் சுவரோரமாக, குழந்தைக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மலையானாலும் அடிவாரமானாலும் புதுக் கண் முன்னால் பிள்ளையைக் கொஞ்சக் கூடாது. பாசமாக ஒரு பார்வை பார்த்தாலே போதும், பார்க்கிறவர் கண் அதன் வழியாகப் பிள்ளை மேல் இறங்கிவிடும். வந்தவர் எவ்வளவு பெரிய ஆளோ, தாய் அவ்வளவுக்குப் பிள்ளையை மட்டம் தட்ட வேண்டும். என் அம்மாவும் அப்படித்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "அது மக்குங்க, எப்படியோ தப்பிப் பொழைச்சுது" என்றாள். உள்ளே போய் என் தலையில் கைவைத்துத் திருஷ்டி கழித்து, விரல்களைச் சடசடவென்று சொடுக்கினாள். நான் அந்தக் கையில் வளர்ந்தவள்.

"ஏம்மா, இந்தக் குழந்தை மேல உனக்குப் பிரியம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இது என்னங்க, வெறும் குப்பை. பொறந்தது பொறந்து போச்சு. கெடக்குது."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலையேறி வந்தது வீண்போகவில்லை. "எழுதுங்க சிஸ்டர், எழுதுங்க!" என்றார். கட்டம் கட்டமாக எழுதினேன். கொஞ்சுதல்: இல்லை. முத்தமிடுதல்: இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தல்: இல்லை. குழந்தையைப் பற்றிய பேச்சு: இகழ்ச்சி. ஒவ்வொரு எழுத்தும் ஒரே சாய்வில், கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

கம்பவுண்டருக்குப் பொறுக்கவில்லை. "சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. வெளியாளு முன்னால எங்க பொம்பளைங்க புள்ளையக் கொஞ்ச மாட்டாங்க. கண்ணு பட்டுரும்னு பயம். ஊட்ல போய்ப் பாத்தீங்கன்னா வேற மாதிரிங்க" என்றார்.

டாக்டர் எரிச்சலோடு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க படிச்சவங்க. இந்த ஊர்ல மூணு வருஷம் இருந்திருக்கீங்க. இவர் சொல்றது நிஜமா?"

அந்தத் தாயும் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். மூன்று நாள் எனக்குச் சாமைச் சோறு வடித்துப் போட்டவள். நான் ஆமாம் என்று சொன்னால் தாள் முழுவதும் வீண், டாக்டர் கோபிப்பார், ராசிபுரம் போய்விடும். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

"எனக்குத் தெரியலீங்க சார்" என்றேன்.

இன்று வரைக்கும் என் வாயிலிருந்து வந்ததில் அதுதான் மட்டமான பேச்சு.

மூன்றாம் நாள் முடிவு சொன்னார். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். மதராஸில் அவருக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். தாய் வந்து பார்க்கவே கூடாது. அவருடைய பட்டணத்துத் தமிழ் அவளுக்கு ஏறவில்லை என்பதால் என்னை எடுத்துச் சொல்லச் சொன்னார்.

"உனக்குப் புள்ள மேல பாசமே இல்லையாம். அதனாலதான் புள்ள இப்படி ஆயிருச்சாம்" என்றேன்.

அவள் அழுவாள், இல்லாவிட்டால் எனக்கு இரண்டு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. குரலைத் தாழ்த்தி, "நெசமாவே நம்பிட்டாருங்களா?" என்றாள். இவ்வளவு படித்த கண்ணே நம்பிவிட்டது என்றால் இனி எந்தக் கண்ணும் பிள்ளையை ஒன்றும் செய்யாது. அவள் சந்தோஷம் அது. என் வாழ்நாளில் ஓர் ஆராய்ச்சி முடிவு யாரையாவது சந்தோஷப்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு மதராஸ் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வருஷம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மாசம் என்றேன்.

"அங்க போனா பேசுமுங்களா?"

டாக்டர் பேச வைத்துவிடுவேன் என்றார். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நகர்ந்து வந்து, எங்கள் எல்லார் முன்னாலும் குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வலதில் மூன்று, இடதில் மூன்று. அங்கே போனால் இதை இப்படிச் செய்ய வேண்டும் என்று டாக்டருக்குச் செய்து காட்டினாள். கரி பூசி மறைத்து வைத்ததையெல்லாம் அவருக்காக வெளியே எடுத்து வைத்தாள். குழந்தை பெருமூச்சு விட்டாள்.

"பாருங்க, விஷயம் தெரிஞ்சதும் நாடகம் ஆடறா" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். எழுதச் சொன்னார். 'பாசத்தை நடித்துக் காட்டுகிறாள்.' காட்டாவிட்டால் குளிர்ந்தவள், காட்டினால் நடிப்பவள். அந்தத் தாளில் ஒரு தாய் தப்பிக்க எந்தக் கட்டமும் இல்லை. குழந்தையை அனுப்பச் சம்மதம் என்ற தாளில், மை தொட்டு அவள் கட்டைவிரலைப் பிடித்து உருட்டியதும் நான்தான். பேசும் என்று சொன்னதற்காக அவள் விரலைக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மலைக்குளிரில் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற சூடுதான். "நேத்து எல்லாரு கண்ணு முன்னாலயும் கால அமுக்கி, நாந்தானுங்க கண்ணு பட வெச்சுட்டேன்" என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் குழந்தையின் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை முடிந்துகொண்டு முன்னே நடந்தாள், குழந்தை முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தாள், டாக்டர் நாற்காலியில் வந்தார், நான் தாள்கட்டோடு வந்தேன். பேளுக்குறிச்சி வந்து சேர்ந்தபோது மத்தியானம்.

அன்று சந்தை நாள். மிளகு, பலா, ஆடு, சட்டிபானை, சுற்றுவட்டாரத்து ஜனம் அத்தனையும் அங்கே. சந்தை இரைச்சலில் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரே சுருதியில் முனகினாள். ஜனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. எத்தனை கண்! டாக்டர் குழந்தையை பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். தாய் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தன் பிள்ளை போகிற நேரத்தில், கல் மாதிரி, சந்தையைப் பார்த்து நின்றாள். முந்தானை மட்டும் பின்னால் தொங்கியது.

"பாத்தீங்களா சிஸ்டர்? குழந்தை போறப்போகூடத் திரும்பிப் பார்க்கல. எழுதுங்க" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டு அவர் பஸ்ஸின் பின்பக்கம் போனார். தகரப்பெட்டியை மேலே ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் அடம்பிடித்துக்கொண்டிருந்தார். சண்டை வலுத்தது. நான் தாளை விரித்தேன். அப்போது குழந்தை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு முகங்கள் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த முதுகு. நேராகப் போய் முந்தானை முடிச்சைப் பிடித்தாள்.

இழுப்பு தெரிந்ததும் தாயின் உடம்பு ஒரு முறை ஆடியது. அவள் திரும்பவில்லை. நடந்தாள். சட்டிபானைக்கும் ஆட்டுக்கும் நடுவே, மலைப்பாதையைப் பார்த்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்து மறைந்தாள். அழகான கையெழுத்தில் நான் எழுதினேன்: 'தாய் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.' அந்தக் கட்டு முழுவதிலும் அது ஒன்றுதான் உண்மை.

பெட்டியோடு மல்லுக்கட்டி முடித்து வந்த டாக்டர் காலி ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குதித்தார். எங்கே, எங்கே என்று கத்தினார். நான் ராசிபுரம் ரோட்டைக் கை காட்டினேன். அவர் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் ஓடி, செருப்பில் சாணியோடு திரும்பி வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் யாருக்கும் நிற்காது. டாக்டர் தாள்கட்டை வாங்கிக்கொண்டு ஏறிப் போனார். ஆராய்ச்சிக்குக் குழந்தை தேவைப்படவில்லை, தாள் போதும். கட்டுரை அச்சாகி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் மாற்றல் வரவில்லை. கை காட்டிய திசை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

அந்த ஒரு கை காட்டலை நான் பெரிய தியாகமாக எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு நாள் கழித்து, தடுப்பூசிக் கணக்கு என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கையைப் பிடித்துக்கொள்வாள், சாமைச் சோறு போடுவாள், எங்கள் ரகசியத்தை நினைத்து இரண்டு பேரும் சிரிப்போம் என்று ஏற்றம் முழுவதும் நினைத்துக்கொண்டே போனேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. குழந்தை பாயில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய கால் அம்மாவின் மடியில் இருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மடியிலிருந்த காலைக் கீழே இறக்கி வைத்தாள். அடுப்பிலிருந்து விரலில் கரியைத் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் தீற்றினாள். பிறகு குழந்தைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி, மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வாங்க நர்சம்மா" என்றாள். "இது என்னங்க, வெறும் குப்பை. கெடக்குது."